கடல் சூடு, காடு சரி: நுண்ணலை ரேடியோமீட்டர் பிழைகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

பூமியிலிருந்து இயல்பாக வரும் நுண்ணலையை அளக்கும் கருவி ரேடியோமீட்டர். செயற்கைக்கோள் ரேடியோமீட்டர் தரவில் ஏதோ இடிக்கிறது என்றால், பெரும்பாலோர் முதலில் செய்வது ஒன்றுதான்: மாடல் கணக்குக்கும் அளவீட்டுக்கும் உள்ள சராசரி வித்தியாசத்தை எடுத்து, எல்லாப் புள்ளியிலும் அதைக் கழித்துவிடுவது. கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைக்கிற வேலை இது. சராசரி பூஜ்யமாகிவிடும். ஆனால் இரவில் ஒரு பிழை, பகலில் ஒரு பிழை, கடலில் ஒன்று, காட்டில் ஒன்று என்று எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும்.

நான் பின்பற்றுவது வேறு வழி. பிழையின் அளவை விட, அது எதோடு சேர்ந்து ஆடுகிறது என்பதைப் பார்ப்பேன். நான்கு வரைபடம் போடுங்கள்: காட்சியின் (கருவி அப்போது பார்க்கும் இடத்தின்) வெப்பநிலைக்கு எதிராக, சூரியக் கோணத்துக்கு எதிராக, ஸ்கேன் வரிசையில் (கருவி ஒரு வீச்சில் பார்த்துக்கொண்டு போகும் புள்ளிகளில்) உள்ள இடத்துக்கு எதிராக, நாட்காட்டிக்கு எதிராக. பாதிக்கு மேற்பட்ட வழக்குகள் இந்த நான்கிலேயே முடிந்துவிடும்.

அதற்கு முன் அடிப்படைக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஒரு சேனல், மூன்று எண்கள்

ரேடியோமீட்டர் வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. ஒவ்வொரு சேனலிலும் (ஓர் அலைவெண் பட்டை ஒரு சேனல்) ஆன்டெனாவுக்குள் வரும் நுண்ணலை ஆற்றலை ஒரு எண்ணாக, அதாவது கவுண்டாகத் தருகிறது. அந்த ஆற்றல் எவ்வளவு சிறியது என்றால், 300 கெல்வின் சூட்டில் உள்ள பொருள் 100 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் அனுப்புவது ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு கூட இல்லை. அதிலும் பாதிக்குக் குறைவு. இதைப் பெருக்கும் பெருக்கி வெயிலுக்கு ஒரு மாதிரி, நிழலுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு சுழற்சியிலும் தெரிந்த இரண்டு பொருள்களைக் காட்டி அதைச் சரிபார்க்கிறோம். ஒன்று சூடான இலக்கு, எல்லோரும் ஹாட் லோடு என்பது; ஏறத்தாழ 290 கெல்வின். இன்னொன்று வெட்டவெளி விண்வெளி, 2.7 கெல்வின்.

ஓர் உதாரணம். விண்வெளியைப் பார்க்கும்போது 9,200 கவுண்ட். ஹாட் லோடைப் பார்க்கும்போது 20,400. இடையில் 11,200 கவுண்ட், 287.3 கெல்வின். ஆக ஒரு கெல்வினுக்குச் சுமார் 39 கவுண்ட்; இதுதான் கெயின். பூமியைப் பார்க்கும்போது 15,000 கவுண்ட் வந்தால், விண்வெளியை விட 5,800 அதிகம். 39ஆல் வகுத்து 2.7 கூட்டினால் சுமார் 151.5 கெல்வின். மேகமில்லாத கடலுக்குப் பொருத்தமான எண்.

இதே எண்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மின்னணுச் சுற்றில் தனியாக ஆஃப்செட், அதாவது ஆற்றலே வராவிட்டாலும் காட்டும் எண், எதுவும் இல்லை என்று வைத்தால், 9,200 கவுண்ட் என்பது 236 கெல்வின். அதில் விண்வெளிக்கு 2.7 போக, மிச்சம் 233 கெல்வின் கருவியின் சொந்த இரைச்சல். இந்த எண்ணைத் தினமும் குறித்து வையுங்கள். எந்தப் பிழை வந்தாலும், அது ரிசீவருக்குள்ளா (ஆன்டெனா பிடித்ததைப் பெருக்கி எண்ணாக்கும் பகுதி) வெளியிலா என்று முதலில் சொல்வது இதுதான். இது நிலையாக இருக்கும்போது காட்சி மட்டும் ஆடினால் ரிசீவரைத் திட்டாதீர்கள். ஆன்டெனாப் பக்கம் போங்கள்.

அறிகுறி: குளிர்ந்த கடல் சூடாகத் தெரிகிறது, காடு சரியாக இருக்கிறது

எனக்குப் பிடித்த வழக்கு இது. பெரிய கருவிகள் பல இதில் மாட்டியிருக்கின்றன. கடல் மேல் 4, 5 கெல்வின் கூடுதல். அமேசான் காட்டின் மேல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. காட்சி வெப்பநிலைக்கு எதிராகப் பிழையைப் போட்டால், குளிர்ப் பக்கத்தில் உயர்ந்து சூட்டுப் பக்கம் இறங்கும் நேர்கோடு கிடைக்கும்.

காரணம் பெரும்பாலும் முதன்மை ரிஃப்ளெக்டர். கூம்பு வடிவில் சுழன்று ஸ்கேன் செய்யும் கருவிகளின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வரைந்துபாருங்கள். சாய்வான தட்டும் (இதுதான் ரிஃப்ளெக்டர்) அதன் கீழே ஹார்ன்களும் (அது குவிக்கும் அலையை வாங்கும் குழல்கள்) சேர்ந்து சுழல்கின்றன. ஹாட் லோடும், விண்வெளியைக் காட்டும் சிறு கண்ணாடியும் சுழலாத தண்டில் நிற்கின்றன. ஹார்ன் சுற்றி வரும்போது அவை இரண்டும் ஹார்னுக்கும் தட்டுக்கும் இடையில் புகுந்து மறைக்கும். அதாவது காலிபிரேஷன் (தெரிந்த இரண்டு பொருள்களை வைத்துச் சரிபார்ப்பது) நடக்கும் அந்தக் கணத்தில் ஹார்ன் தட்டைப் பார்ப்பதே இல்லை. தட்டு செய்யும் எந்தத் தப்பும் காலிபிரேஷனுக்குத் தெரியாது. வடிவமைப்பிலேயே உள்ள ஓட்டை இது. இடத்துக்கும் எடைக்கும் கொடுத்த விலை.

தட்டு முழுக்கப் பிரதிபலித்தால் பிரச்சினை இல்லை. அதன் உமிழ்திறன், அதாவது பிரதிபலிக்காமல் தன் சொந்தச் சூட்டை அனுப்பும் பங்கு, நூற்றில் 3.5 என்று வையுங்கள். தட்டு 290 கெல்வின், கடல் 150. வித்தியாசம் 140, அதில் 3.5 சதவீதம் 4.9 கெல்வின். காடு 285 என்றால் வித்தியாசம் 5தான், பிழை 0.2 கூட வராது. கடல் சூடு, காடு சரி.

இந்த எண்கள் கற்பனை இல்லை. 1997 நவம்பரில் ஜப்பானின் தனெகாஷிமாவிலிருந்து போன மழை அளக்கும் டிஆர்எம்எம் செயற்கைக்கோளின் டிஎம்ஐ ரேடியோமீட்டரில் கண்டது இதேதான். ரிஃப்ளெக்டரின் மேல் இருந்த பூச்சு சிதைந்து, உமிழ்திறன் ஏறத்தாழ 3.5 சதவீதம் ஆகிவிட்டது. அந்தச் செயற்கைக்கோள் பறந்த 350 கிலோமீட்டர் உயரத்தில் அணு ஆக்சிஜன் அடர்த்தியாக இருக்கும். மெல்லிய பூச்சுகளை அரித்துவிடும். அதுவே காரணம் என்று கொள்ளப்படுகிறது.

உறுதி செய்வது எப்படி? நேரடி வழி, செயற்கைக்கோளையே கவிழ்த்து முதன்மை ரிஃப்ளெக்டரால் விண்வெளியைப் பார்ப்பது. டிஆர்எம்எம் 1998இல் அப்படித் திரும்பியது. 3.5 சதவீத உமிழ்திறன் உள்ள 290 கெல்வின் தட்டு வழியாகப் பார்த்தால் விண்வெளி 2.7க்குப் பதில் சுமார் 12.8 என்று வரும். 10 கெல்வின் வித்தியாசம் கண்ணில் அறையும். சுவோமி என்பிபி செயற்கைக்கோளும் 2012 பிப்ரவரியில் இப்படித் திருப்பப்பட்டது. அதன் ஏடிஎம்எஸ் கருவி கூம்பு ஸ்கேன் வகை இல்லை, குறுக்கே ஸ்கேன் செய்வது. அதன் தட்டைக் கண்ணாடியிலும் சிறு உமிழ்வு இருப்பது அப்போது வெளிப்பட்டது. கவிழ்க்க அனுமதி கிடைக்காதவர்கள் காட்சி வெப்பநிலைக்கு எதிரான அந்த நேர்கோட்டை நீட்டிப் பாருங்கள். கோடு பூஜ்யத்தைத் தொடும் இடம்தான் தட்டின் வெப்பநிலை. சாய்வுதான் உமிழ்திறன். ஒரே வரைபடத்தில் இரண்டு விடை.

இத்தோடு விட்டால் பாதி வேலைதான். தட்டின் வெப்பநிலை நிலையானது என்று வைத்துத் திருத்தினால், பகல் இரவு வித்தியாசம் மிச்சமாகும். பூமியின் நிழலுக்குள் போகும்போது தட்டு வேகமாகக் குளிரும். வெளியே வந்ததும் ஏறும். டிஎம்ஐக்கு முதலில் ஒரே எண்ணை வைத்துத் திருத்திவிட்டு, பின்னால் சுற்றுப்பாதையில் சூரியனின் நிலையைப் பொறுத்து மாறும் திருத்தத்துக்குப் போனார்கள். 2003 அக்டோபரில் அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள் டிஎம்எஸ்பி எஃப்16இல் போன எஸ்எஸ்எம்ஐஎஸ் கருவியிலும் இதே கதை: செயற்கைக்கோள் நிழலிலிருந்து வெளிவரும்போது மேலேறும் பிழை. ஏறுபாதைக்கும் (தெற்கிலிருந்து வடக்கே) இறங்குபாதைக்கும் (வடக்கிலிருந்து தெற்கே) தனித்தனியாக மாத சராசரி எடுத்துக் கழித்துப் பாருங்கள். கழித்த வரைபடத்தில் அட்சரேகையோடு போகும் பட்டைகள் தெரிந்தால், இந்த வேலை இன்னும் முடியவில்லை.

அறிகுறி: சில சூரியக் கோணங்களில் மட்டும் பிழை, சூடான காட்சியில் அதிகம்

மேலே சொன்னதற்கு நேர் எதிர் முகம். சுற்றுப்பாதையின் குறிப்பிட்ட சில இடங்களில் கெயின் குதிக்கிறது; ரிசீவரின் உடல் வெப்பநிலை அசையவே இல்லை. அந்த இடங்களில் காட்சி குளிராகத் தெரிகிறது. நிலத்தில் அதிகம், கடலில் பாதி.

ஹாட் லோடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அது பளபளப்பான பெட்டி இல்லை. உலோகத் தகட்டின் மேல் கூம்பு கூம்பாக, முள்ளுமுள்ளாக நிற்கும் கருப்புப் பரப்பு. இரும்புத்தூள் கலந்த எபாக்சி பூசியது. பிளாட்டினம் தெர்மாமீட்டர்கள் அடித்தகட்டில் புதைந்திருக்கும். சாய்வாக வரும் வெயில் ஒரு கீற்று உள்ளே விழுந்தால் முள் முனைகள் சுடும். அடித்தகட்டுக்கு அது தெரியவே தெரியாது. ஹார்ன் பார்ப்பது முனைகளை. தெர்மாமீட்டர் சொல்வது அடியை.

நம் உதாரணத்தில் முனைகள் 2 கெல்வின் கூடினால், ஹாட் லோடு கவுண்ட் 20,478 ஆகும். நாம் 290 என்றே நம்புவதால் கெயின் 39.25 என்று வரும். 15,000 கவுண்ட் உள்ள அதே கடல் இப்போது 150.5, ஒரு கெல்வின் குறைவு. 290ஐ ஒட்டிய பாலைவனம் முழு 2 கெல்வின் குறையும். விண்வெளிக்கு அருகில் பிழையே இல்லை. ஆக ரிஃப்ளெக்டர் பிழை குளிர்ப் பக்கம் பெரியது, ஹாட் லோடு பிழை சூட்டுப் பக்கம் பெரியது. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் போதும், பல நாள் அலைச்சல் மிச்சம்.

எஸ்எஸ்எம்ஐஎஸ் இதிலும் மாட்டியது. 2003 ஜனவரியில் போன வின்ட்சாட் கருவியும் மாட்டியது. அக்வா செயற்கைக்கோளில் 2002இல் போன ஏஎம்எஸ்ஆர்-இ கருவிக்கு வெயிலை விடவும் ஹாட் லோடுக்குள்ளேயே இருந்த வெப்பநிலைச் சரிவுதான் தலைவலி. தெர்மாமீட்டர்கள் சொன்னது எதுவும் ஹார்ன் பார்த்த சராசரியோடு ஒத்துவரவில்லை. கடைசியில் கடல் மேல் கணக்கிட்ட ஒளிர்வு வெப்பநிலையிலிருந்து (வரும் நுண்ணலை ஆற்றலை வெப்பநிலையாகச் சொல்வது) பின்னோக்கிப் போய், ஹாட் லோடின் செயல் வெப்பநிலையைத் தெர்மாமீட்டர் எண்களின் சேர்க்கையாக எழுத வேண்டியிருந்தது.

சரிபார்க்கும் முறை: கெயினை சூரியனின் கிடைக்கோணமும் ஏற்றக்கோணமும் கொண்ட தளத்தில் வண்ணம் போட்டு வரையுங்கள். ஒரு வருடத் தரவு வேண்டும். வெயில் புகும் பாதை ஒரு தழும்பு மாதிரி, ஒரே இடத்தில், எல்லா மாதமும் தெரியும். அதே ஹாட் லோடைப் பகிரும் எல்லா சேனல்களிலும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். ஒரு சேனலில் மட்டும் என்றால் அது வெயில் இல்லை. அளவு மட்டும் சேனலுக்குச் சேனல் மாறலாம். உயர் அலைவெண்கள் முனைகளையே பார்க்கின்றன, தாழ் அலைவெண்கள் கொஞ்சம் ஆழமாகப் பார்க்கின்றன. திருத்தம்: அந்தத் தழும்புக்குள் அளந்த கெயினை நம்பாமல், இரு கரைகளிலும் உள்ள நல்ல கெயினைப் பாலம் போட்டு நிரப்புவது.

(ஒரு முறை நான் மூன்று நாள் சூரியக் கோணத்தைத் துரத்தினேன். கடைசியில் பார்த்தால் தெர்மாமீட்டர் குணகப் பட்டியலில் இரண்டு வரி இடம் மாறியிருந்தது. வெயிலைத் தேடும் முன், எல்லாத் தெர்மாமீட்டர்களும் ஒன்றோடொன்று அரை கெல்வினுக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.)

2014 பிப்ரவரியில் ஜிபிஎம் செயற்கைக்கோளில் போன ஜிஎம்ஐ இந்தப் பாடங்களை எல்லாம் படித்துவிட்டுச் செய்யப்பட்ட கருவி. ஹாட் லோடைச் சுற்றி வெயில் புகாத மறைப்பு. தாழ் அலைவெண் சேனல்களில் கூடுதலாக நாய்ஸ் டையோடு, அதாவது தெரிந்த அளவு இரைச்சலைச் சேர்க்கும் சிறு உறுப்பு. டையோடை ஆன் செய்து ஹாட் லோடையும் விண்வெளியையும் பார்த்தால், இரண்டுக்குப் பதில் நான்கு புள்ளிகள் கிடைக்கும். ஹாட் லோடு ஒன்று சொல்லி டையோடு வேறு சொன்னால், சண்டை கருவிக்குள்ளேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும். வேறு கருவிகளை அளக்கும் படிக்கல்லாக இன்று ஜிஎம்ஐயை வைப்பதற்குக் காரணம் இதுதான்.

அறிகுறி: இரு முனையும் சரி, நடுவில் வளைகிறது

290இல் சரி, விண்வெளியில் சரி, இடையில் மட்டும் பிழை என்றால் ரிசீவரின் நேர்கோட்டுத் தன்மை போயிருக்கிறது. டிடெக்டர் டையோடு ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் மின்னழுத்தம் தருவதை நிறுத்திவிட்டது. பிழை ஒரு பரவளையம். உச்சம் இரண்டு முனைகளுக்கும் நடுவில், 146 கெல்வின் அருகில். நம் கடல் காட்சிகள் விழும் இடம் சரியாக அதுவே. காட்சி வெப்பநிலை வரைபடத்தில் கடல் மட்டும் மேலே தெரிவதால் பலர் இதை ரிஃப்ளெக்டர் என்று எண்ணிவிடுகிறார்கள். விண்வெளிக் கவிழ்ப்பு இருந்தால் பிரித்துவிடலாம்: பரவளையம் விண்வெளியில் பூஜ்யம், ரிஃப்ளெக்டர் பிழை விண்வெளியில் உச்சம். அது இல்லையென்றால், ஏவும் முன் வெற்றிட அறையில் இலக்கின் வெப்பநிலையைப் படிப்படியாக மாற்றி எடுத்த தரவைத் தோண்டி எடுங்கள். ரிசீவரின் வெப்பநிலை மாற இந்த வளைவும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் இருக்கிறான்: பிளாங்க் திருத்தம். தாழ் அலைவெண்ணில் ஆற்றலும் வெப்பநிலையும் நேர்விகிதம் என்று தைரியமாகச் சொல்லலாம். 89, 183 கிகாஹெர்ட்ஸில் விண்வெளி போன்ற மிகக் குளிர்ந்த பொருளுக்கு அது பொய். வெப்பநிலையிலேயே நேர்கோடு போட வேண்டுமென்றால், விண்வெளிக்கு 2.73 என்று எழுதாமல் 89 கிகாஹெர்ட்ஸுக்கு 3.27, 183க்கு ஏறத்தாழ 4.8 என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் 183 சேனலில் குளிர் முனையில் 2 கெல்வின் குறையும். 250 கெல்வின் காட்சியில் 0.3 அளவுக்குக் குறையும். 2011 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய-பிரெஞ்சு மேகா-டிராபிக்ஸின் சாஃபிர் கருவி மாதிரி, 183ஐச் சுற்றியே ஆறு சேனல் வைத்து ஈரப்பதம் அளப்பவர்களுக்கு 0.3 என்பது விட்டுவிடக்கூடிய எண் இல்லை. தரவைப் பெறுபவர் ஒரு மரபையும் மாடல் ஓட்டுபவர் இன்னொரு மரபையும் வைத்திருப்பதுதான் வழக்கமான விபத்து.

அறிகுறி: மாதத்தில் சில நாள் மட்டும் குளிர்க் கவுண்ட் எகிறுகிறது

நிலா. வேறு எதையும் தேட வேண்டாம். விண்வெளியைப் பார்க்கும் திசையில் நிலா குறுக்கே வந்துவிட்டது. நிலாவின் அகலம் அரை டிகிரி, நுண்ணலையில் அதன் வெப்பநிலை 200 கெல்வினைச் சுற்றி. ஏஎம்எஸ்யு-ஏ கருவி மாதிரி 3.3 டிகிரி அகலக் கற்றைக்கு (கருவி ஒரே நேரத்தில் பார்க்கும் கூம்புக்கு) அது 3 கெல்வின் கூட்டும். ஏஎம்எஸ்யு-பி, எம்எச்எஸ் மாதிரி 1.1 டிகிரிக் கற்றைக்கு 30ஐ நெருங்கும். குளிர்க் கவுண்ட் ஏறினால் காட்சிகள் குளிராகும், குளிர்ந்த காட்சி இன்னும் அதிகமாக. நிலாவின் திசையைக் கணக்கிட்டு, அந்த விண்வெளி மாதிரிகளை விலக்கி, மிச்சமுள்ளவற்றை வைத்து ஓட்டுங்கள். எண் ஏறியிருக்கிறதா என்று பார்த்து விலக்காதீர்கள். மெல்லிய ஓரம் தப்பித்துவிடும். திசையை வைத்து விலக்குங்கள்.

அறிகுறி: படத்தில் வரிவரியாகக் கோடுகள்

ஒரு ஸ்கேன் முழுக்கக் கொஞ்சம் சூடு, அடுத்தது கொஞ்சம் குளிர். ஜமுக்காளக் கோடு மாதிரி. தனித்தனிப் புள்ளி இரைச்சல் இப்படிக் கோடு போடாது. ஒரு ஸ்கேன் முழுவதும் பொதுவாக உள்ள ஒன்றுதான் போடும். அது காலிபிரேஷன்.

இரைச்சல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். ரிசீவர் 233, காட்சி 150. மொத்தம் 383 கெல்வின். பட்டை 200 மெகாஹெர்ட்ஸ், ஒரு மாதிரிக்கு 5 மில்லிசெகண்டு. இரண்டையும் பெருக்கினால் பத்து லட்சம், வர்க்கமூலம் ஆயிரம். 383ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.38 கெல்வின். இதுதான் இயற்பியல் அனுமதிக்கும் அடிமட்டம். இப்போது கெயின் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைந்தால்? அதுவும் 0.38 கெல்வின். ரேடியோமீட்டர் வடிவமைப்பவர்கள் கெயின் நிலைத்தன்மைக்கு உயிரை விடுவது இதனால்தான். 1946இல் இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி ஆன்டெனாவுக்கும் ஒரு ஒப்பீட்டுப் பொருளுக்கும் இடையே வேகமாக மாறி மாறிப் பார்க்கும் சுவிட்ச் முறையைக் கொண்டுவந்ததும் இதற்குத்தான். பாதி நேரம் ஒப்பீட்டுப் பொருளைப் பார்ப்பதால் இரைச்சல் இரட்டிப்பாகும், ஆனால் கெயின் ஆட்டம் அடிபட்டுப்போகும்.

கோடுகளுக்கு இரண்டு எதிரெதிர் காரணங்கள். காலிபிரேஷன் மாதிரிகளைக் குறைவாகச் சராசரி எடுத்தால், ஹாட் லோடின் இரைச்சல் அப்படியே ஸ்கேனில் இறங்கும். அதிகமாகச் சராசரி எடுத்தால், இடையில் நிஜமாகவே மாறிய கெயினைத் தவறவிட்டு, அதுவே கோடாகும். சராசரிக்கான ஸ்கேன் எண்ணிக்கையை 3, 7, 15, 31 என்று மாற்றி ஒவ்வொன்றிலும் கோடுகளின் பலத்தை அளந்து பாருங்கள். குறைந்துகொண்டே போய் பின் ஏறும் ஓர் இடம் தெரியும், பள்ளத்தில் நில்லுங்கள். பள்ளமே இல்லாமல், எந்த எண்ணுக்கும் கோடு அசையவில்லை என்றால், காலிபிரேஷன் காட்சிக்கும் பூமிக் காட்சிக்கும் இடையிலேயே கெயின் நடுங்குகிறது. சராசரியால் அதைத் தொட முடியாது. ஏடிஎம்எஸ்ஸின் வளிமண்டல வெப்பநிலை சேனல்களில் கோடு பிடிவாதமாக நின்றது இந்த வகையில்தான். அதற்கு ஸ்கேன் திசையில் தனி வடிகட்டிகளை எழுத வேண்டிவந்தது.

அறிகுறி: ஸ்கேனின் ஓரத்தில் சரிவு

லட்சக்கணக்கான கடல் ஸ்கேன்களை ஸ்கேன் இடம் வாரியாகச் சராசரி எடுத்தால் வானிலை எல்லாம் அடிபட்டுப்போய் ஒரு தட்டைக் கோடு வர வேண்டும். ஓரத்தில் இறங்கினால், கற்றையின் ஒரு பகுதியைச் செயற்கைக்கோளின் உடலோ வேறு உறுப்போ மறைக்கிறது. 1987இல் தொடங்கிய எஸ்எஸ்எம்/ஐ வரிசைக் கருவிகளில் ஓர் ஓரத்தில் சுமார் ஒரு கெல்வின் சரிவு இருந்தது. கோடு ஓரத்தில் மட்டும் இறங்காமல் முழுக்கச் சாய்ந்திருந்தால், மறைப்பு இல்லை. செயற்கைக்கோள் கொஞ்சம் உருண்டிருக்கிறது. 53 டிகிரியில் கடலைப் பார்க்கும்போது கோணம் ஒரு டிகிரி தவறினால் செங்குத்துத் துருவ (அலையின் செங்குத்து அதிர்வை மட்டும் அளக்கும்) சேனலில் 2 கெல்வின் வரை மாறும். அதைக் கரையோரங்களில் உறுதி செய்யலாம்: ஏறுபாதைப் படத்திலிருந்து இறங்குபாதைப் படத்தைக் கழித்தால், தீவுகளின் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் நீலமாகவும் நிழல் விழும்.

இதில் ஓர் எச்சரிக்கை. பாக் நீரிணை மாதிரி குறுகிய கடலைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். ஏஎம்எஸ்ஆர்2இன் 6.9 கிகாஹெர்ட்ஸ் காலடி, அதாவது தரையில் ஒரு புள்ளியாகப் பார்க்கும் பரப்பு, 35க்கு 62 கிலோமீட்டர். நீரிணையின் நடுவில் நின்றாலும் வேதாரண்யமோ யாழ்ப்பாணமோ உள்ளே கசியும். அங்கே கிடைக்கும் 'பிழை' கருவியுடையது இல்லை, நிலத்துடையது.

அறிகுறி: இயற்கையில் இருக்க முடியாத சூடு, ஊர்களைச் சுற்றி

தாழ் அலைவெண்களில் எந்த மண்ணும் 340 கெல்வின் ஒளிர்வு வெப்பநிலை காட்டாது. அப்படி வந்தால் அது யாரோ ஒருவரின் டிரான்ஸ்மிட்டர். பெரிய குறுக்கீடு ஒரு வகையில் நல்லது, பார்த்ததும் தூக்கிப் போடலாம். 3 கெல்வின் குறுக்கீடுதான் விஷம். மண் சற்று உலர்ந்தது போலக் காட்டி, யாரும் சந்தேகப்படாமல் வறட்சி வரைபடம் வரை போய்விடும்.

6.9 கிகாஹெர்ட்ஸில் இயற்கையான நிலம் பொதுவாக 10.65இல் உள்ளதை விடச் சற்றுக் குளிராக இருக்கும். 6.9இலிருந்து 10.65ஐக் கழித்துப் பாருங்கள். பெரிய நேர்மறை எண் வந்தால் குறுக்கீடு. ஏஎம்எஸ்ஆர்-இ போனபோது அமெரிக்க நகரங்கள் 6.9இல் இப்படித்தான் ஒளிர்ந்தன. 2012இல் போன ஏஎம்எஸ்ஆர்2இல் 7.3 கிகாஹெர்ட்ஸை எதற்குச் சேர்த்தார்கள் என்றால் இதற்குத்தான்: ஒன்று கெட்டால் இன்னொன்று.

கடல் மேல் வருவது வேறு ரகம். புவிநிலை டிவி செயற்கைக்கோளின் சிக்னல் கடலில் பட்டுத் தெறித்து மேலே வரும். அமெரிக்கக் கரைகளைச் சுற்றி 18.7இலும் ஐரோப்பாவைச் சுற்றி 10.65இலும் இது தெரிந்தது. தெறிப்புக் கோணத்துக்கு எதிராகப் போட்டால் கூர்மையான சிகரம் கிடைக்கும். ஏறுபாதை, இறங்குபாதை இரண்டில் ஒன்றில் மட்டும் இருக்கும்.

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்பது சர்வதேச விதி. 2009இல் மண் ஈரம் அளக்கும் எஸ்எம்ஓஎஸ் செயற்கைக்கோள் மேலே போய்ப் பார்த்தபோது ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் நூற்றுக்கணக்கான இடங்கள் அந்தப் பட்டையில் எரிந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துவிட்டு, 2015 ஜனவரியில் அதே வேலைக்குப் போன எஸ்எம்ஏபி தன் ரிசீவரிலேயே காவலாளி வைத்துக்கொண்டது: பட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் கர்ட்டோசிஸ் (சிக்னலின் ஏற்ற இறக்கம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் எண்) அளக்கிறது. வெப்ப இரைச்சலுக்கு அந்த எண் 3. மனிதன் செய்த சிக்னல் 3இல் நிற்காது.

குறுக்கீடு தரையிலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லை, அதே செயற்கைக்கோளிலிருந்தும் வரும். என்ஓஏஏ-15 செயற்கைக்கோளில் ஏஎம்எஸ்யு-பி தன் சொந்தச் செயற்கைக்கோளின் டிரான்ஸ்மிட்டர்களாலேயே கெட்டது. டிஎம்எஸ்பி எஃப்15இல் 2006 ஆகஸ்டில் ஒரு ரேடார் அளவீட்டு பீக்கனை ஆன் செய்ததும் எஸ்எஸ்எம்/ஐயின் 22 கிகாஹெர்ட்ஸ் சேனல் பாழானது. ஆகவே பிழை ஒரு குறிப்பிட்ட நாளில் திடீரென்று தொடங்கியிருந்தால், இயற்பியலைத் தொடும் முன் செயற்கைக்கோளின் கட்டளைப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு யார் எதை ஆன் செய்தார்கள்?

அறிகுறி: வருடக்கணக்கில் மெல்ல நகர்கிறது

நகர்வதில் கஷ்டம், நகர்வது கருவியா பூமியா என்பது. 1992இல் போன டோபெக்ஸ்/போசைடன் கடல் மட்டம் அளக்கும் செயற்கைக்கோள். அதன் ரேடார் அலைக்கு வழியில் உள்ள நீராவி தரும் தாமதத்தைத் திருத்த அதில் ஒரு ரேடியோமீட்டர். அதன் 18 கிகாஹெர்ட்ஸ் சேனல் மெல்ல நகர்ந்ததில் கடல் மட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தவறு புகுந்தது. அந்தக் காலத்தில் கடல் மட்டமே ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டர் அளவில்தான் ஏறியது.

அதைப் பிடித்தது ஓர் எளிய யோசனை. கடலின் ஒளிர்வு வெப்பநிலை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கவே முடியாது. காற்றில்லாத, மேகமில்லாத, வறண்ட வானின் கீழ் உள்ள கடல்தான் அந்த அடிமட்டம். ஒவ்வொரு மாதமும் எல்லாக் கடல் அளவீடுகளையும் வரிசைப்படுத்தி, கீழ் விளிம்பை மட்டும் பாருங்கள். அது நகர்ந்தால் கருவிதான் நகர்கிறது. சூட்டுப் பக்கத்துக்கு அமேசானின் அடர்ந்த காட்டை எடுங்கள். குளிர் விளிம்பு நகர்ந்து காடு நிற்கிறதா, இரண்டும் ஒன்றாக நகர்கின்றனவா என்பதே காரணத்தைப் பாதி சொல்லிவிடும். மேலே ரிஃப்ளெக்டருக்கும் ஹாட் லோடுக்கும் சொன்ன அதே கணக்கு. காட்டைப் பார்க்கும்போது நேரத்தைக் கவனியுங்கள். செயற்கைக்கோளின் பாதை வருடாவருடம் நழுவி, காலை 6 மணிக்குக் கடந்தது 8 மணிக்குக் கடந்தால், காடு நிஜமாகவே சூடாகியிருக்கும்.

மூன்றாவது சாட்சி இன்னொரு கருவி. ஏஎம்எஸ்ஆர்-இயின் ஆன்டெனா 2011 அக்டோபரில் சுழல்வதை நிறுத்தியது. ஏஎம்எஸ்ஆர்2 மேலே போன பிறகு, 2012 டிசம்பரில் அதை மீண்டும் நிமிடத்துக்கு 2 சுற்று என்ற ஆமை வேகத்தில் ஓட வைத்தார்கள். படம் எடுக்க அந்த வேகம் உதவாது. இரண்டு கருவியும் ஒரே கடலைப் பார்க்க அது போதும்.